கோபம் ஏன் கீழ்நோக்கியே பாய்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

வேலைத்தலத்தில் படும் பாட்டை எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். சம்பளம் போதாது என்று எழுதியவர்கள் குறைவு. மேலதிகாரியின் வாயைப் பற்றி எழுதியவர்களே அதிகம். இடத்தைக் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரோ அவர்கள் வேலை செய்யும் இடமோ இங்கு வராது.

கேள்வி: நான் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் பணியாற்றுகிறேன். ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக் கூட்டத்தில், முந்திய நாள் கடன் அறவீடு குறைந்தவர்களை எங்கள் முகாமையாளர் எழுந்து நிற்கச் சொல்வார். கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். “உமக்குச் சோறு போடுகிற வீட்டார் பாவம்” என்பது அவருடைய ஏச்சுகளில் மென்மையானது. வட்ஸ்அப் குழுவில் எங்கள் பெயர்களையும் அறவிட்ட தொகைகளையும் வரிசையாகப் போட்டு, கடைசிப் பெயருக்கு நேரே ஒரு கழுதைப் படத்தை ஒட்டுவார். கொழும்பிலிருந்து பிராந்திய முகாமையாளர் வரும் நாளில் அதே மனிதர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். குரலே வெளியே வராது. “சேருக்குக் கோபம்தான் கூட, மனம் நல்லது” என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். காலையில் பஸ் ஏறும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இது குணமா, நோயா? நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, அவரைக் கோபக்காரர் என்று ஏற்றுக்கொள்ள நான் ஆயத்தமாக இல்லை. அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அடக்க முடியாத கோபம் என்றால், பிராந்திய முகாமையாளரின் முன்னாலும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது வாய் தவறியிருக்க வேண்டும். அப்படி நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. எதிரே நிற்பவரின் பதவி என்ன, அவரால் தனக்கு என்ன தீங்கு செய்ய முடியும் என்று பார்த்துவிட்டே புறப்படுகின்ற கோபத்தை அவர் நன்றாகக் கட்டியாளுகிறார். உங்கள் மேல் அதை அவிழ்த்துவிடுவதால் தனக்கு எந்த நட்டமும் வராது என்று அவர் கண்டுகொண்டிருக்கிறார். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அவருடைய மனம் நல்லதா என்பதை அறியும் வாய்ப்பு அவருடைய மனைவி மக்களுக்குக் கிடைத்திருக்கலாம். கிளையில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது வாய் மட்டும்தான்.

குணமா, நோயா என்று தேடுவதற்கு முன், பதவியும் பயமும் ஒருவரிடத்தில் ஒன்றாகச் சேரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான நதனேல் ஃபாஸ்ட், செரீனா சென் ஆகிய இருவரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைப் பற்றியது. அதிகாரம் உள்ளவர்கள் எல்லோரும் மற்றவர்களிடம் கடுமையாக நடக்கவில்லை. அதிகாரமும் இருந்து, அந்தப் பொறுப்புக்குத் தாம் போதாதவர்கள் என்ற உறுத்தலும் உள்ளே இருந்தவர்களே கூடுதலாகக் கடுமை காட்டினார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. தம்மைப் பற்றிய மதிப்பு சற்று உயர்ந்ததும் அந்தக் கடுமை தணிந்ததையும் அவர்கள் கண்டார்கள். ஃபாஸ்ட் பின்னர் நிர் ஹலேவி, ஆடம் கலின்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து 2012 இல் வெளியிட்ட இன்னொரு பரிசோதனையில், சிலருக்குத் தம் கூட்டாளி செய்ய வேண்டிய வேலைகளை ஒரு பட்டியலிலிருந்து தெரிவு செய்யும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. ஆனால் அவர்களுடைய பொறுப்பை மற்றவர்கள் மதிப்பதில்லை என்றும் சொல்லிவைக்கப்பட்டது. நாய்போல் மூன்று தரம் குரைக்க வைப்பது போன்ற இழிவான வேலைகள் பட்டியலில் இருந்தன. அதிகாரம் இருந்தும் மதிப்பு இல்லை என்று எண்ணவைக்கப்பட்டவர்களே அத்தகைய வேலைகளைக் கூடுதலாகத் தெரிவு செய்தார்கள். உங்கள் வட்ஸ்அப் குழுவின் கழுதைப் படத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது.

அறவீட்டு இலக்கைத் தீர்மானிப்பவர் கொழும்பில் இருக்கிறார். கடன் வாங்கியவர் படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறார். வயலில் வெள்ளம் நின்று அறுவடை பிந்தினாலும், நெல் விலை விழுந்தாலும் தவணைப் பணம் பிந்தும், இலக்கு பிந்துவதில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருப்பவர் உங்கள் முகாமையாளர். தொலைபேசிக் கூட்டத்தில் அவரையும் யாரோ நிற்கவைத்துக் கேட்கக்கூடும். இதை அவருக்குச் சார்பாகச் சொல்லவில்லை. அவருடைய ஏச்சில் உங்கள் திறமையைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். நீண்ட காலம் ஏச்சு வாங்கியவர்கள், ஏசியவர் சொன்னதையே தம்மைப் பற்றிய உண்மையாக எடுத்துக்கொள்ளத் தொடங்குவது வழக்கம்.

வயிற்றைக் கலக்குவதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரித்தானிய அரச ஊழியர்களிடையே 1967 இல் தொடங்கப்பட்ட ‘வைற்ஹோல்’ ஆய்வு, பதவிப் படியில் கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களைவிடக் கூடுதலாக இதய நோயால் இறந்ததைக் காட்டியது. 1985 இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. அவர்கள் ஒருவரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவர்கள். ஆகவே வைத்தியரிடம் போகும்போது வேலைத்தலத்தில் நடப்பதையும் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பில் அது பதிவாவது பிறகு உதவும்.

இனிச் செய்ய வேண்டியவை. கூட்டத்தின் நடுவில் எதிர்த்துப் பேசுவது அவருக்குப் பிடித்த களத்தில் இறங்குவதாகும், அதைத் தவிருங்கள். ஒரு கொப்பியை வீட்டில் வைத்து அன்றன்று நடந்ததை எழுதுங்கள். “சேர் என்னை எப்போதும் அவமானப்படுத்துகிறார்” என்று எழுதினால் தலைமை அலுவலகம் அதை ஒரு மனத்தாங்கலாகவே வாசிக்கும். “மார்ச் 4 காலை 8.40 இலிருந்து 9.05 வரை ஏழு பேரின் முன்னால் நிற்கவைத்து, வீட்டாரைக் குறித்து இன்ன சொற்களைச் சொன்னார்” என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். வட்ஸ்அப் குழுவில் வந்ததைத் திகதியோடு படமெடுத்து, அலுவலகத் தொலைபேசியில் அல்லாமல் உங்கள் சொந்த இடத்தில் வையுங்கள். பின்னர் அதே கொடுமைக்கு ஆளான இன்னும் ஒருவரையோ இருவரையோ சேர்த்துக்கொண்டு மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். தனியொருவர் எழுதினால் ‘அவருக்கு வேலை செய்ய விருப்பமில்லை’ என்று முடித்துவிடுவார்கள். வேலைத்தல வன்முறையையும் துன்புறுத்தலையும் பற்றிய 190 ஆம் இலக்க உடன்படிக்கையைச் சர்வதேச தொழில் அமைப்பு 2019 இல் நிறைவேற்றியது. ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது துன்புறுத்தலாகலாம் என்பது அதிலுள்ள வரையறை. அதை முறைப்பாட்டில் குறிப்பிடலாம். கழுதைப் படத்தையும் இணைக்க மறக்க வேண்டாம். நூறு சொற்களில் விளக்க முடியாததைத் தலைமை அலுவலகத்துக்கு அது ஒரே பார்வையில் விளக்கிவிடும்.

கேள்வி: ஓர் அரிசி ஆலையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். நியமனக் கடிதம் தரவில்லை. முதலாளியின் மருமகன்தான் சூப்பர்வைசர். மூட்டையின் வாய் சரியாகத் தைக்கப்படவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் என் பிடரியில் அடித்தார். முதலாளியிடம் சொன்னதற்கு, “விருப்பமில்லையென்றால் போ, ஆள் இல்லாமலா?” என்றார். நாளையே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். வாப்பா பொறுக்கச் சொல்கிறார்.
– வாசகர், நிந்தவூர்

பதில்: தம்பி, பொறுக்க வேண்டும் என்பது என் கருத்து அல்ல. ஆனால் கோபத்தில் நாளையே விட்டுவிட்டு வருவது முதலாளிக்குச் செய்யும் உதவியாகும். நீங்களாகவே நின்றுவிட்டீர்கள் என்று அவர் சொல்ல, அதை மறுக்க உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இராது. அதைவிட ஆபத்தானது, ‘கணக்கு முடித்துத் தருகிறேன், இதில் ஒப்பம் வை’ என்று நீட்டப்படும் தாள். வாசிக்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்; வெற்றுத் தாளில் போடவே வேண்டாம்.

கை நீட்டியது தனி விடயம். மூட்டை கோணலாகத் தைக்கப்பட்டதற்காக ஒருவரை அடிக்கும் உரிமை இந்த நாட்டில் யாருக்கும் இல்லை. அதற்குப் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். மற்றவற்றுக்குத் தொழில் அலுவலகம் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். நியமனக் கடிதம் கிடையாது என்பதற்காக இந்தக் கடமை இல்லாமல் போவதில்லை. நீங்கள் அங்கே வேலை செய்ததைக் காட்டச் சம்பளச் சீட்டு, வங்கிப் பதிவு, வரவுக் கொப்பியின் படம், உடன் வேலை செய்தவரின் சாட்சி என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

வேலையிலிருந்து நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தொழில் நியாய மன்றுக்கு விண்ணப்பிக்கலாம். இருக்க முடியாத நிலைக்கு ஒருவரைத் தள்ளி, அவராகவே விலகும்படி செய்வதையும் பணிநீக்கமாக ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் உண்டு; ஆனால் அதை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் மேல் விழும். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

வாப்பா ஏன் பொறுக்கச் சொல்கிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. நம் ஊர்களில் முதலாளி முதலாளியாக மட்டும் இருப்பதில்லை. அவர் பள்ளிவாசல் நிர்வாகத்திலோ கோயில் நிர்வாகத்திலோ இருப்பார், கலியாணத்துக்குக் கடன் தந்திருப்பார், அவருடைய தங்கையை உங்கள் சாச்சா முடித்திருப்பார். ஆலைக்குள் வாங்கிய அடிக்கு ஆலைக்கு வெளியே நியாயம் கேட்டால், எங்கெங்கோ கதவு சாத்தப்படும் என்ற அச்சம் பொய்யானது அல்ல. ஆனால் அந்த உறவுகளே அவருக்கும் கடிவாளமாகலாம். அவர் மதிக்கும் ஒரு பெரியவரை வாப்பா அழைத்துப்போய், மருமகன் கை நீட்டி அடித்ததை மட்டும் பேசட்டும். தொழில் அலுவலகத்துக்கான கடிதத்தை அதற்கு முன்பே எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். பேச்சு சரிவராவிட்டால் அதே கிழமை அனுப்பிவிடலாம்.

கேள்வி: எங்கள் காலத்தில் வயல் சொந்தக்காரரான போடியார் ஏசுவார், அவருடைய வயலில் வேலை செய்யும் முல்லைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார், இரவில் இருவரும் வயல் வாடியில் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் பொறுக்காது. நீங்களும் அவர்களைத் தூண்டிவிடுகிறீர்கள்.
– வாசகர், திருக்கோவில்

பதில்: ஐயா, நீங்கள் போடியார் வீட்டுப் பிள்ளையா, முல்லைக்காரர் வீட்டுப் பிள்ளையா என்று கடிதத்தில் குறிப்பிடவில்லை.

நீங்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. போடியார் அதே வயல் வட்டையில் நின்றார், அதே மழையில் நனைந்தார், முல்லைக்காரரின் குடியும் தன் குடியும் ஒரே கோயில் திருவிழாவில் முறை பெறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரிந்த ஆளை எல்லை மீறி இழிவுபடுத்தினால் ஊர் பேசும் என்பது அவருக்குத் தெரியும். இன்றைய கிளை முகாமையாளருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவார். ஆனால் முல்லைக்காரர் அறுவடைக்கு முன்பே நெல்லும் காசும் முன்பணமாக வாங்கியிருந்தார் என்பதையும் சேர்த்து நினையுங்கள். கடன்பட்டவர் தலைகுனிந்து நின்றதை மரியாதை என்று கணக்குவைத்தவர்கள் யார் என்பதுதான் என் ஐயம். வாடியில் ஒன்றாகச் சாப்பிட்டபோது அவர் மனத்தில் என்ன நினைத்தார் என்று நாம் எவரும் அவரிடம் கேட்டதில்லை.

கேள்வி: பயிற்சிக் காலத்தில் இருக்கிறேன். என்னை நிரந்தரமாக்குவதற்கு அறிக்கை எழுத வேண்டிய அதிகாரி இரவில் ‘தூங்கிவிட்டீரா’ என்று தகவல் அனுப்புகிறார். பதில் போடாவிட்டால் மறுநாள் வேலையில் பிழை பிடிக்கிறார். நேரடியாகத் தவறான எதையும் அவர் எழுதவில்லை.
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: தங்கையே, அவர் எழுதாமல் விட்டிருப்பதே அவருடைய சாமர்த்தியம். இரவுத் தகவல்களையும் மறுநாள் பிழைபிடிப்புகளையும் திகதிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் இல்லாதது போலிருப்பது, அப்போது வேறு விதமாகத் தெரியும். எதையும் அழித்துவிடாதீர்கள். “வேலை தொடர்பான விடயங்களை அலுவலக நேரத்தில் பேசுவோம், சேர்” என்று ஒரே ஒரு தடவை எழுத்தில் பதில் அனுப்புங்கள். நீங்கள் விரும்பவில்லை என்பதற்கு அது சான்று.

தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 இல் திருத்தப்பட்ட பின், பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கியிருக்கிறது. ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனையோ தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்கலாம். வேலைத்தலத்தில் அதிகாரமுள்ளவர் சொல்லாலோ செயலாலோ கொடுக்கும் பாலியல் தொல்லையையும் அது உள்ளடக்குகிறது. பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பணியகத்தில் பெண் உத்தியோகத்தரிடம் பேசலாம். அதற்கு முன் யாரிடமாவது ஆலோசனை கேட்க விரும்பினால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது இப்போதே சொல்லிவிடுங்கள். ‘வேலையை விட்டுவிடு’ என்று அவர்கள் சொல்லக்கூடும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தையும் அவரைப் போன்றவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். புதிதாக வந்த தலைவர் எதற்கெடுத்தாலும் விளக்கம் கோரிக் கடிதம் தருகிறார். பத்து நிமிடம் பிந்தினால் கடிதம். அவருக்கு வேண்டியவர்கள் பத்து மணிக்கு வந்தாலும் கேள்வி இல்லை. ஒரு கூட்டத்தில் பயனாளிகள் பட்டியலில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டியதிலிருந்துதான் இது தொடங்கியது. “வாகரைக்கு அனுப்பினால்தான் நீர் திருந்துவீர்” என்றும் சொல்லிவிட்டார்.
– வாசகர், வெல்லாவெளி

பதில்: மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற பழமொழி உங்கள் அலுவலக வரவுப் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது போலும்.

முதலில் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களைவிடப் பெரிய விடயம். வாகரை மக்கள் என்ன குற்றம் செய்தார்கள்? போரையும் கடல்கோளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட ஒரு பிரதேசத்துக்கு ஆர்வமுள்ள உத்தியோகத்தர்களைத் தேடி அனுப்புவதை விட்டுவிட்டு, மனமுடைந்தவரையும் இடமாற்றத்தைத் திரும்பப் பெற அலைபவரையும் தண்டனையாக அனுப்பும் பழக்கம் நம் நிருவாகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. மேலே ஒருவர் கீழே ஒருவரைப் பழிவாங்கும்போது அதன் செலவைச் சேவை கிடைக்காத கிராமத்தவர் செலுத்துகிறார். உங்களை மிரட்டியவர் தன்னை அறியாமலே, தூரத்து மக்களைப் பற்றித் தான் என்ன நினைக்கிறார் என்பதையும் சொல்லிவிட்டார்.

இப்போது உங்கள் விடயம். விளக்கம் கோரும் கடிதத்துக்குப் பதில் கொடுக்காமல் விடுவதும், கோபத்தோடு நாலு பக்கம் எழுதுவதும் ஒரே அளவு பிழை. குறித்த திகதிக்குள், கேட்டதற்கு மட்டும், பணிவாகப் பதில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிந்தியிருந்தால் பிந்தியதாகவே எழுதுங்கள். அரச ஊழியர்களுக்கான விதிகளைக் கொண்ட தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி ஒழுக்காற்று நடவடிக்கைகளைப் பற்றியது. அதைக் கையில் எடுத்து வாசிக்கும் உத்தியோகத்தர்கள் சிலரே என்பதால், வாசித்தவரை எவரும் எளிதில் மிரட்டுவதில்லை. உங்கள் தனிப்பட்ட கோவையில் என்ன சேர்க்கப்படுகிறது என்பதிலும் கண் வையுங்கள்.

உங்கள் சேவை மத்திய அரசுக்கு உரியதா, மாகாணத்துக்கு உரியதா என்பதைப் பொறுத்து, மேன்முறையீடு அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கோ கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கோ போக வேண்டும். இடமாற்றம் பழிவாங்கலாக வந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவை நாடலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. தனியார் நிறுவன ஊழியர்களுக்கு இல்லாத ஒரு வழி உங்களுக்கு உண்டு. அரசின் நிருவாகச் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்றால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். ஆனால் அதற்குரிய காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்று 1996 ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் கூறுகிறது. ஆயினும் அதை மட்டும் நம்பியிராமல் ஒரு சட்டத்தரணியை உடனே பாருங்கள். ‘தீபாவளி முடியட்டும், வருடம் பிறக்கட்டும்’ என்று தள்ளிப்போட்டு உரிமையை இழந்தவர்கள் அதிகம்.

பயனாளிகள் பட்டியலின் பிழையைச் சொன்ன கூட்டத்தின் குறிப்பில் உங்கள் கருத்துப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கூட்டத்தில் சொன்னதை நினைவூட்டும் ஒரு சிறு கடிதத்தை இன்றே கொடுங்கள். விளக்கக் கடிதங்கள் வரத் தொடங்கிய திகதிக்கும் அந்தக் கூட்டத்தின் திகதிக்கும் உள்ள நெருக்கம்தான் உங்கள் வழக்கின் உயிர்.

கேள்வி: வைத்தியசாலை ஒன்றில் தாதிய சகோதரியாகப் பதவி உயர்வு பெற்று ஒரு வருடமாகிறது. நான் இளம் தாதியாக இருந்தபோது எங்கள் சிஸ்டரின் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வேலை செய்வதுபோல் ஓடுவோம். அப்படி ஒருபோதும் இருக்கக்கூடாது என்று நினைத்தவள் நான். சென்ற மாதம் ஒரு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பான டிக்கட்டிலிருந்து மருந்தின் அளவை நான் பிழையாகப் பிரதி செய்துவிட்டேன். புதிதாக வந்த பிள்ளை அதைக் கண்டிருக்கிறாள். என்னிடம் சொல்லப் பயந்து, டொக்டர் நோயாளர் விடுதிக்கு வரும்வரை அரை மணித்தியாலம் அந்த மருந்தைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டபோது அழுதாள். நான் எப்போது இப்படி ஆனேன்?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: இம்முறை வந்த கடிதங்களில் மேலே இருப்பவர் ஒருவர் எழுதிய ஒரே கடிதம் உங்களுடையது. அதனாலேயே இதைக் கடைசிக்கு ஒதுக்கினேன்.

எப்போது ஆனீர்கள் என்பதற்கு ஒரு நாளைக் குறிப்பிட முடியாது. பதவி மாறியதும் உங்களைச் சுற்றி இருந்தவர்கள் மாறியதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். முன்பெல்லாம் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால் உடன் நின்ற தோழி “என்ன இன்றைக்குக் காலையிலேயே சூடு?” என்று கேட்டிருப்பாள். இப்போது அப்படிக் கேட்பார் இல்லை. நீங்கள் சொல்லும் பகிடிக்குத் தேவைக்கு மேலாகச் சிரிக்கிறார்கள். உங்கள் கடுமைக்கு முகம் கொடுக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். தன் குரலின் அளவை மற்றவரின் முகத்தைப் பார்த்தே நாம் எல்லோரும் சரிசெய்து பழகியிருக்கிறோம். அந்த முகங்கள் குனிந்துகொண்டால் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பேசுபவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இதைப் பற்றி உளவியலில் ஆய்வுகள் பல உண்டு. ஆடம் கலின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 2006 இல் வெளியிட்ட ஒன்றில், பங்குபற்றியவர்களிடம் ஆங்கில ‘ஈ’ எழுத்தைத் தம் நெற்றியில் எழுதச் சொன்னார்கள். தமக்கு அதிகாரம் இருந்த ஒரு சந்தர்ப்பத்தை நினைத்துப் பார்க்கவைக்கப்பட்டவர்கள், எதிரே இருப்பவருக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்று எண்ணாமல், தமக்குச் சரியாக இருக்கும்படி எழுதுவது கூடுதலாக இருந்தது. இந்த வகைப் பரிசோதனைகளை மற்றவர்கள் திரும்பச் செய்தபோது எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதால், நான் அவற்றை ஓர் அளவோடுதான் எடுத்துக்கொள்வேன். ஆனால் உங்கள் துறையிலேயே செய்யப்பட்ட ஓர் ஆய்வை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனை விடுதிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பற்றி 1996 இல் எழுதினார். நன்றாக நடத்தப்படும் விடுதிகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் பிழைகள் கூடுதலாக வந்தன. ஆராய்ந்தபோது, பிழை கூடுதலாக நடப்பதால் அல்ல, தலைமைத் தாதிக்குப் பயப்படாத இடத்தில் பிழைகள் மறைக்கப்படாமல் வெளியே வருவதால்தான் அந்தக் கணக்கு உயர்கிறது என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார். உங்கள் விடுதியின் பிழைப் பதிவேடு சென்ற ஒரு வருடமாக வெறுமையாக இருந்தால், அதைப் பார்த்து மகிழ வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று அந்த அரை மணித்தியாலத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் நோயாளி, மறுபக்கம் நீங்கள். மருந்தைக் கொடுத்திருந்தால் கேள்வியே வந்திராது. சிஸ்டர் எழுதியதைச் செய்தேன் என்று தப்பியிருப்பாள். அவள் கொடுக்காமல் நின்றாள். பயந்தவளாக அவளை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்று அந்த விடுதியில் இருந்தவர்களில் துணிச்சலான ஆள் அவள்தான்.

அவளைத் தனியே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது நல்லது, ஆனால் போதாது. நீங்கள் ஏசியபோது எல்லோரும் கேட்டிருப்பார்கள், ஆகவே இதையும் எல்லோரும் கேட்க வேண்டும். கடமை மாறும் நேரத்தில் இரு பகுதியாரும் கூடி நிற்கும்போது, “நான் பிழையாக எழுதியதை இவர் கண்டு தடுத்தார்” என்று சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது உங்களைக் காப்பாற்றும் பேச்சாகிவிடும். பிறகு, நீங்கள் பிரதி செய்யும் மருந்துகளை இன்னொருவர் டிக்கட்டோடு ஒப்பிட்டு ஒப்பமிடும் நடைமுறையை உங்களிலிருந்தே தொடங்குங்கள். அதைப் பார்ப்பவர் விடுதியில் மிக இளையவராக இருக்கட்டும்.

முதல் கிழமை எவரும் எதையும் சொல்லமாட்டார்கள். பிறகு வரும் முதல் முறைப்பாடு மருந்தைப் பற்றியதாக இருக்காது. இரவுக் கடமை தனக்கே திரும்பத் திரும்ப வருகிறது என்றோ, லீவு கேட்டபோது நீங்கள் முகம் பார்க்கவில்லை என்றோ, உங்களுக்கு நியாயமாகத் தோன்றாத ஏதோ ஒன்றாக இருக்கும். கடமை அட்டவணையை எடுத்து அந்தப் பிள்ளையின் முன்னாலேயே எண்ணிப் பாருங்கள். அவள் சொன்னது பிழையென்றால் பிழை என்று அமைதியாகக் காட்டுங்கள், சரியென்றால் அங்கேயே மாற்றி எழுதுங்கள். மற்றவர்கள் மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதுபோல், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.